உடைந்ததா, உடைத்தனரா? இணையத்தள ஊடுருவல்களும் நிறுவன அறிவிப்புகளின் மொழியும்

2015 ஜனவரி 26, திங்கட்கிழமை. மலேசியா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் இணையத்தளத்தை அன்று திறந்தவர்கள் பயணச்சீட்டுப் பதியும் பக்கத்தைக் காணவில்லை. விமானம் ஒன்றின் படமும், '404 – விமானம் காணப்படவில்லை' என்னும் பொருள்பட்ட ஆங்கிலத் தொடரும் அங்கே இருந்தன. பின்னர் அப்படமும் மாறி, உயர்ந்த தொப்பியணிந்து புகைக்குழாய் பிடித்த பல்லியொன்று திரையில் தோன்றியது. 'லிசர்ட் ஸ்குவாட்' எனத் தம்மை அழைத்துக்கொண்ட குழுவினர், 'சைபர் காலிபேட்' என்னும் பெயரையும் சேர்த்துக்கொண்டு இச்செயலுக்கு உரிமை கோரினர். கேட்ட பக்கம் கிடைக்காதபோது இணைய வழங்கி திருப்பித் தரும் எண் 404 என்பதை மாணவர்கள் அறிவர். அந்த எண்ணை வைத்துக் கேலி செய்தவர்கள் எந்தப் புண்ணில் கை வைக்கிறோம் என்பதை நன்கு அறிந்தே செய்தனர். 239 பேருடன் எம்எச்370 மறைந்து அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. 298 பேருடன் எம்எச்17 உக்ரைன் வானில் வீழ்த்தப்பட்டு ஆறு திங்களே ஆகியிருந்தன.

நிறுவனம் அன்றே அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்: எங்கள் இணையத்தளம் ஊடுருவப்படவில்லை, தளப்பெயர் முறைமை பாதிக்கப்பட்டதால் பயனர்கள் வேறொரு தளத்துக்குத் திருப்பிவிடப்படுகின்றனர், எங்கள் வழங்கிகளுக்குப் பழுதில்லை, பயணப் பதிவுகளும் வாடிக்கையாளர் தகவல்களும் பாதுகாப்பாக உள்ளன.

தொழில்நுட்ப நோக்கில் இக்கூற்றில் பொருள் உண்டு. நாம் தட்டச்சிடும் தளப்பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் பதிவேடு ஒன்று இணையத்தில் இயங்குகிறது. அப்பதிவேட்டில் ஒருவர் கைவைத்துவிட்டால், கடையின் பூட்டு உடையாமலே கடைக்கு வருவோரை வேறு தெருவுக்கு அனுப்பிவிடலாம். எனினும், பயணச்சீட்டு வாங்க வந்து பல்லியைக் கண்டவருக்கு இவ்வேறுபாடு என்ன பயன் தரும்? அவர் கேட்டது 'என் தகவல் எங்கே?' என்பது. அவருக்குக் கிடைத்ததோ 'ஊடுருவல்' என்ற சொல்லின் வரையறை. அதே குழுவினர் பின்னர்ப் பயணிகளின் பதிவு விவரங்கள் போலத் தோன்றிய படமொன்றைப் பொதுவில் இட்டபோது, அந்த வரையறையின் மீதிருந்த நம்பிக்கையும் தளர்ந்தது.

இந்நிகழ்வு தனித்த ஒன்றன்று. 2021 பிப்ரவரி 6 அன்று இலங்கையின் '.எல்கே' தளப்பெயர்ப் பதிவகம் இதே வகைத் தாக்குதலுக்கு உள்ளானது. கூகுள் நிறுவனத்தின் இலங்கைப் பக்கத்தை நாடியவர்கள், தேயிலைத் தோட்டத் தொழில் முதல் ஊடகச் சுதந்திரம் வரையிலான சமூகச் சிக்கல்களைப் பட்டியலிட்ட பக்கமொன்றுக்குத் திருப்பிவிடப்பட்டனர். மலையகத் தோட்டத்துத் துயரம் உலகின் மிகப் பெரிய தேடுபொறியின் வாயிலில் சில மணி நேரம் ஒட்டப்பட்டிருந்தது என்பது தோட்டப்புற மரபில் வந்த நமக்கு ஒரு விந்தையே. அங்கே பதிவகம் சிக்கல் நேர்ந்ததை அன்றே ஒப்புக்கொண்டது.

மலேசியா ஏர்லைன்சின் அந்த அறிக்கையில் தொடங்கி, 2025 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வரையிலான ஏறத்தாழப் பத்தாண்டு வரலாற்றை இக்கட்டுரை தொடர்கிறது. கணினிப் பாதுகாப்பு என் துறையன்று. ஆதலின் திருடர்கள் எவ்வாறு நுழைந்தனர் என்பதைக் காட்டிலும், நுழைந்த பின் நிறுவனங்கள் எவ்வாறு பேசின என்பதையே நான் பார்க்கிறேன். அவ்வறிவிப்புகளின் வினைச்சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பொறுப்பு எங்கிருந்து எங்கு நகர்ந்தது என்பது தெரிந்துவிடுகிறது.

இங்கு நம் இலக்கண மரபு ஒன்றை நினைவூட்டுவது பொருந்தும். செயப்படுபொருளையே செய்தவர் போல வைத்துச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பிய வினையியல் ஏற்றுக்கொள்கிறது. 'திண்ணை மெழுகிற்று' என்பது அதற்கு உரைமரபு தரும் எடுத்துக்காட்டு. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது; மெழுகியவர் வீட்டிலேயே இருக்கிறார். அவர் யாரென்று அனைவருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதால் எவருக்கும் இழப்பில்லை. 'தரவு கசிந்தது' என்னும் இக்காலத் தொடரும் பார்வைக்கு அதைப் போன்றதே. ஆயின், இங்கே கசியவிட்டவர் யாரென்று கேட்போருக்குத் தெரியாது. சொல்பவருக்கு மட்டும் தெரியும் அல்லது தெரிந்திருக்க வேண்டும். தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டது பேச்சின் சிக்கனத்தை. இது அதே வடிவத்துக்குள் புகுந்துகொண்ட மறைப்பு. கசிந்தது–கசியவிட்டனர், உடைந்தது–உடைத்தனர் எனத் தன்வினைக்கும் பிறவினைக்கும் வெவ்வேறு வடிவம் தருகிற தமிழில் எழுதும்போது இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

இத்தகைய அறிவிப்பு என்னும் உரைவகையே மிக இளையது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், தனிநபர் தகவல் பறிபோனால் உரியவருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் சட்டத்தை 2003 ஜூலை 1 அன்று நடைமுறைப்படுத்தியது. அதுவரை நிறுவனங்கள் பெரும்பாலும் வாய் திறக்க வேண்டிய கட்டாயமில்லை. 2005 இல் 'சாய்ஸ்பாயிண்ட்' என்னும் தகவல் வணிக நிறுவனம் சிக்கியபோது, முதலில் கலிபோர்னியாவில் வாழ்ந்த ஏறத்தாழ 35,000 பேருக்கு மட்டுமே மடல் அனுப்பியது. சட்டம் இருந்த இடத்தில் மட்டும் நாவு அசைந்தது! பிற மாநிலத்தார் கொதித்தெழுந்த பின்னரே, பாதிக்கப்பட்டோர் 145,000 பேர் என்பது வெளிவந்தது. அந்நிறுவனமும் 'இது ஊடுருவல் அன்று' என்றுதான் வாதிட்டது. மோசடிக்காரர்கள் முறையான வாடிக்கையாளர்களைப் போலக் கணக்குத் தொடங்கித் தகவலை வாங்கிச் சென்றார்களாம். பத்தாண்டு கழித்துக் கோலாலம்பூரில் கேட்ட வாதத்தின் மூத்த உடன்பிறப்பு இது.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. வணிகப் பரிமாற்றங்களில் கையாளப்படும் தகவலுக்கே அது பொருந்தும். கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது. தகவலைப் பாதுகாக்க வேண்டும் என்று அது விதித்தது. பாதுகாக்கத் தவறினால் உரியவரிடம் சொல்ல வேண்டும் என்று விதிக்கவில்லை. இந்த இடைவெளியின் அளவு 2017 இல் நாட்டுக்குப் புலப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபரில், மலேசியர்களின் தகவல் தொகுப்புகளை எவரோ விலைக்கு விற்க முயல்வதாக 'லோயாட்' என்னும் தொழில்நுட்பச் செய்தித்தளம் வெளிப்படுத்தியது. அத்தொகுப்புகளில் 4 கோடியே 62 இலட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் இருந்தன. அப்போது நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம். ஒருவரே இரண்டு மூன்று எண்கள் வைத்திருப்பதாலும், முன்கட்டண அட்டைகளும் சேர்வதாலும் எண்ணிக்கை மக்கள்தொகையை விஞ்சியது. பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை எண், கைப்பேசிக் கருவியின் எண் ஆகியவை அதில் அடங்கும். ஜாப்ஸ்திரீட் வேலைவாய்ப்புத் தளத்திலிருந்து 1 கோடியே 70 இலட்சம் பதிவுகளும், மருத்துவர், பல் மருத்துவர் அமைப்புகளிலிருந்து ஏறத்தாழ 80,000 பதிவுகளும் உடன் இருந்தன. தொலைபேசிக் கோப்புகளில் காணப்பட்ட தேதிகள் 2014 ஆம் ஆண்டின் நடுப்பகுதியைக் காட்டின. அதாவது, தகவல் பறிபோய் மூன்றாண்டு கழிந்த பின்னரே உரியவர்கள் அதைக் கேள்விப்பட்டனர். அதுவும் நிறுவனங்களின் வாயிலாக அன்று, ஒரு செய்தித்தளத்தின் வாயிலாக.

முதற்செய்தி வெளிவந்தவுடன் நேர்ந்ததும் குறிப்பிடத்தக்கது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அச்செய்தியை நீக்கும்படி கேட்டுக்கொண்டது. செய்தி நீக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் இடம்பெற்றது. உடைப்பைப் பற்றிய பேச்சை அடைப்பது உடைப்பை அடைப்பதாகாது. ஆயினும், அதிர்ச்சியுற்ற அலுவலகங்களின் முதல் உள்ளுணர்வு உலகெங்கும் இதுவாகவே இருக்கிறது. தொலைபேசி நிறுவனங்களோ, விசாரணைக்கு ஒத்துழைக்கிறோம் என்னும் அளவில் நின்றுகொண்டன. விசாரணை, ஒத்துழைப்பு என்ற இரண்டு பெயர்ச்சொற்களுக்கு நடுவே, வாடிக்கையாளர் தேடிய வினைச்சொல் அகப்படவில்லை.

நவம்பரில் தனியார் ஒருவர், தத்தம் அடையாள அட்டை எண் அத்தொகுப்பில் உள்ளதா என்று மக்கள் தாமே சரிபார்த்துக்கொள்ள ஓர் இணையத்தளம் அமைத்தார். 'சாயா கெனா ஹேக்' என்பது அதன் பெயர். சில நாள்களிலேயே ஆணையம் அதனை முடக்கியது. திருடப்பட்ட தகவலை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தினாலும் முறையாகுமா என்பது நேர்மையான கேள்வியே. அதை ஒதுக்கிவிட்டு, அப்பெயரின் இலக்கணத்தை மட்டும் பார்ப்போம். மலாய் மொழியின் 'கெனா', ஒருவர் தமக்கு விருப்பமில்லாத ஒன்றுக்கு ஆளானதைக் குறிக்கும் துணைச்சொல். தாக்கியவர் அத்தொடரில் இல்லை. ஆனால் 'சாயா', 'நான்', முதலில் நிற்கிறது. அடிபட்டவர் எழுவாயாக நிற்கும் வாக்கியம் அது. அவ்வாண்டு முழுவதும் வெளிவந்த அறிவிப்புகளில் இவ்வளவு நேர்மையான வாக்கியத்தை நான் கண்டதில்லை.

அடையாள அட்டை எண் பறிபோவது கடவுச்சொல் பறிபோவதைப் போன்றதன்று என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம். ஜொகூரில் பிறந்த நம்மிற் பலருக்கு அது 01. இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். எண்ணைக் கண்டவுடனே ஒருவருடைய வயது, பிறந்த மாநிலம், பால் மூன்றையும் சொல்லிவிடலாம். கடவுச்சொல்லை ஒரு நொடியில் மாற்றலாம். பிறந்த நாளை மாற்றுவது எங்ஙனம்? 'முன்னெச்சரிக்கையாகக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று பின்னாளில் பல அறிவிப்புகள் அறிவுறுத்தியபோது, பறிபோனது எது, மாற்றச் சொல்வது எது என்று ஒப்பிட்டுப் பார்த்தவர் சிலரே.

2019 முதல் அறிவிப்புகளில் ஒரு புதிய பாத்திரம் நுழைகிறது: மூன்றாம் தரப்பு. அவ்வாண்டு செப்டம்பரில் மாலிண்டோ ஏர் பயணிகளின் கடவுச்சீட்டு விவரம், முகவரி, தொலைபேசி எண் முதலியன இணையத்தில் உலவுவது தெரியவந்தது. முதல் அறிக்கையில், மேகக் கணினியில் வைத்திருந்த சில தகவல்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது நிறுவனம். சில நாள் கழித்து, தன் மின்வணிக ஒப்பந்த நிறுவனமான கோகுவோவின் இந்தியக் கிளையில் முன்பு பணியாற்றிய இருவர் தகவலைத் திருடினர் என்று அறிவித்தது. மேகக் கணினியை வழங்கிய அமேசானின் பாதுகாப்புக்கும் தன் கட்டமைப்புக்கும் இதில் தொடர்பில்லை என்றும் சேர்த்துக்கொண்டது. இந்த இரண்டாம் அறிக்கையைப் பாராட்டவும் வேண்டும்: அதில் செய்வினை வந்துவிட்டது, திருடியவர் எழுவாயாக நிற்கிறார். ஆனால் அந்த எழுவாய் மிகத் தொலைவில், கடல் கடந்து நிற்கிறது.

2021 மார்ச் மாதத் தொடக்கத்தில் மலேசியா ஏர்லைன்ஸ் தன் 'என்ரிச்' உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. மூன்றாம் தரப்புத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் 'தரவுப் பாதுகாப்புச் சம்பவம்' நேர்ந்ததாகவும், 2010 மார்ச் முதல் 2019 ஜூன் வரையிலான பதிவுகள் அதில் அடங்கும் என்றும், தன் சொந்தக் கட்டமைப்புக்குப் பாதிப்பில்லை என்றும், தகவல் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்குச் சான்றில்லை என்றும் அது கூறியது. ஒன்பதாண்டுக்கு மேற்பட்ட காலத்தைத் தழுவிய ஒன்றைச் 'சம்பவம்' என்று அழைக்கலாமா? சம்பவம் என்பது ஒரு நாளில் நிகழ்வது. ஒன்பதாண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் ஆண்டுப் பள்ளிக்குச் செல்லும் காலம். சான்றில்லை என்பதும் கவனித்துப் படிக்க வேண்டிய தொடர். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்பதற்கும், தேடவில்லை என்பதற்கும் அது ஒருங்கே பொருந்தும்.

மூன்றாம் தரப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வந்தியின் நினைவே வருகிறது. திருவிளையாடல் கதையில் வையைக் கரை உடைந்தபோது, அரிமர்த்தன பாண்டியன் ஊரார் அனைவருக்கும் கரையைப் பங்கிட்டுக் கொடுத்தான். ஆளில்லாத முதியவள் வந்தி, பிட்டைக் கூலியாகப் பேசி ஓர் ஆளை அமர்த்தினாள். வந்த ஆள் பிட்டைத் தின்றான், ஆடினான், உறங்கினான். அவள் பங்கு மட்டும் அடைபடாமலே கிடந்தது. காவலர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: இது யாருடைய பங்கு? கூலியாள் யார் என்பது அதற்கு அடுத்த கேள்வியாகவே வந்தது. பங்கு வந்தியுடையதாகவே இருந்தது. பின்னர் அரசன் அடித்த பிரம்படி ஊரார் எல்லார் முதுகிலும் விழுந்தது. இறைவனின் விளையாட்டை வணிக ஒப்பந்தத்தோடு முற்றாக ஒப்பிட இயலாது. வந்தி ஏழை, வானூர்தி நிறுவனங்கள் அவ்வாறல்ல. கரையின் பங்கைக் கூலியாளிடம் ஒப்படைத்தாலும் பங்கின் பெயர் மாறாது என்னும் அளவில் ஒப்புமை நிற்கிறது.

காலத்தாழ்வுக்கு ஐபே88 நிகழ்வைச் சொல்லலாம். இணையக் கடைகளுக்கும் வங்கிகளுக்கும் இடையே பணம் செலுத்தும் வாயிலாக இயங்கும் இந்நிறுவனம், அட்டைத் தகவல்கள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று 2022 ஆகஸ்ட் 11 அன்று அறிவித்தது. விசாரணையை மே 31 அன்றே தொடங்கிவிட்டதாகவும், ஜூலை 20 க்குப் பின் ஐயத்திற்குரிய நடவடிக்கை எதுவும் தென்படவில்லை என்றும் அவ்வறிக்கையே கூறியது. மே 31 முதல் ஆகஸ்ட் 11 வரை எண்ணினால் 72 நாள். ஐபே88 என்ற பெயரையே அறியாத பொதுமக்கள்தாம் அதன் வழியே பணம் செலுத்தியிருந்தனர். கடையின் பெயர் தெரியும், வங்கியின் பெயர் தெரியும். நடுவில் நின்றவரின் பெயர் அறிவிப்பு வந்தபோதுதான் தெரிந்தது.

தெப்ராவ் நீரிணைக்கு அப்பால் நடந்ததை ஒப்பிடாமல் ஜொகூரில் இப்பொருளைப் பேச இயலாது. நம் குடும்பங்கள் பல அங்கே வேலைக்குச் செல்கின்றன. சில அங்கே மருத்துவமும் பார்க்கின்றன. 2018 இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் தகவல்கள் திருடப்பட்டன. அவர்களுள் 160,000 பேரின் மருந்து விவரங்களும் சேரும். அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அதில் இருந்தன. ஜூலை 4 அன்று ஐயம் எழுந்தது; 10 ஆம் தேதி தாக்குதல் என்று உறுதியானது; 20 ஆம் தேதி நாட்டுக்குச் சொல்லப்பட்டது. பாதிக்கப்பட்டோர், பாதிக்கப்படாதோர் இரு சாராருக்கும் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. பின்னர் அமைந்த விசாரணைக் குழு, 2019 ஜனவரியில் தன் நீண்ட அறிக்கையைப் பொதுமக்களே படிக்கும்படி வெளியிட்டது. சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும், அதன் தொழில்நுட்பப் பணிகளைக் கவனித்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் தண்டமாக விதிக்கப்பட்டன.

அவ்வறிக்கையில் மொழி மாணவர்கள் படிக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. அறிகுறிகளைக் கண்ட பின்னும் பொறுப்பிலிருந்தோர் சிலர் மேலிடத்துக்குத் தெரிவிக்கத் தாழ்த்தினர். எது 'பாதுகாப்புச் சம்பவம்' என்பதைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த தவறான புரிதல் அதற்கு ஒரு காரணம். தெரிவித்தால் வேலைப்பளு கூடும் என்ற அச்சமும் இருந்தது. ஒரு கலைச்சொல்லின் எல்லை மங்கலாக இருந்ததால் நாள்கள் கழிந்தன. கலைச்சொல்லாக்கம் கல்விக்கூடத்துப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோருக்கு இதைக் காட்டலாம். சிங்கப்பூர் அறிக்கை எவர், எந்த நாளில், எதை அறிந்தார் என்று எழுதியது. நம் பக்கத்து 2017 நிகழ்வைப் பற்றி அத்தகைய பொது ஆவணம் இருந்திருந்தால் இவ்வுரையின் பாதி தேவைப்பட்டிராது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தை மக்களவை 2024 ஜூலை 16 அன்றும், மேலவை ஜூலை 31 அன்றும் நிறைவேற்றின. அக்டோபரில் அரசிதழில் வெளியான அச்சட்டம் 2025 இல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அறிவிப்புக் கடமை 2025 ஜூன் 1 முதல் செயல்படுகிறது. தரவு மீறல் நேர்ந்ததை அறிந்த நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். குறிப்பிடத்தக்க தீங்கு விளையக்கூடுமாயின், அதற்கடுத்த 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும். 1,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டால் அதுவே ஆணையருக்கு அறிவிக்கப் போதுமான அளவு என வழிகாட்டி வரையறுக்கிறது. அறிவிக்கத் தவறினால் 250,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 72 மணி என்னும் அளவு ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் நடைமுறைப்படுத்திய விதியை ஒட்டியது. ஐபே88 அறிவிப்பின் 72 நாளோடு எண் ஒத்திருப்பது தற்செயலே. ஆனாலும் வகுப்பறையில் மாணவர் மறவாதிருக்க நல்ல ஒப்பீடு.

இத்திருத்தத்தில் என்னைப் பெரிதும் ஈர்த்தது அபராதத் தொகையன்று, ஒரு சொல் மாற்றம். மூலச் சட்டம் தகவலைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனத்தைப் 'பெங்குனா டேட்டா', அதாவது 'தரவுப் பயனர்' என்றது. மலாயில் 'பெங்குனா' என்பது நுகர்வோரையும் குறிக்கும் சொல். ஆகவே கடைக்காரரும் பெங்குனா, கடைக்கு வந்தவரும் பெங்குனா. யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது சொல்லிலேயே கலங்கிக் கிடந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அச்சொல் 'பெங்ஙாவால் டேட்டா' என மாறியது. தரவைக் கட்டுப்படுத்துபவர், காவல் செய்பவர் என்னும் பொருள்நிழல் அதற்குண்டு. அதைப்போலவே, நாளேடுகள் 'கெபோச்சோரான்', அதாவது 'கசிவு', என்று எழுதிவந்ததைச் சட்டத்துறை 'பெலாங்காரான்' என்கிறது. 'லாங்கார்' என்றால் மோதுதல். விதியை மீறுதலும் அதுவே. கசிவு குழாய்க்கு நேர்வது. மீறல் ஒருவர் செய்வது.

தமிழில் நாம் எதைக் கையாள்வது? நம் நாளிதழ்களில் 'தரவுக் கசிவு', 'தகவல் திருட்டு', 'இணைய ஊடுருவல்' மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குகின்றன. அவற்றைப் பிரித்தாள்வதே தக்கது என்பது என் கருத்து. எவரோ வெளியிலிருந்து நுழைந்ததைச் சொல்ல ஊடுருவல். எடுத்துச் சென்றதைச் சொல்லத் திருட்டு. எவரும் நுழையாமல், கவனக்குறைவால் கோப்பு திறந்து கிடந்ததைச் சொல்ல மட்டும் கசிவு. இவை அனைத்தையும் அடக்கிய சட்டப் பெயராகத் தரவு மீறல். 'ஹேக்' என்பதற்குக் 'கொந்துதல்' என்னும் ஆக்கம் உண்டு. பழம் கொந்தும் அணிலை நினைவூட்டும் நல்ல சொல்தான். எனினும் செய்தி படிக்கும் முதியவருக்கு அது சட்டெனப் புரியாது என்பதால் நான் அதை வலியுறுத்துவதில்லை.

புரிதல் பற்றிய இக்கவலை சொல் அழகு குறித்ததன்று. சட்டத்தின் 7 ஆம் பிரிவு, நிறுவனங்கள் தகவலைத் திரட்டும்போது தர வேண்டிய அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் அங்கே இடம்பெறவில்லை. ஆகவே, தோட்டத்திலிருந்து நகர்ப்புற அடுக்ககத்துக்குக் குடிபெயர்ந்து, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பாட்டிக்கு இத்தகைய மடல் வந்தால், அதை எடுத்துச் சொல்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள மாணவர். 'ஏதோ லீக் ஆயிடுச்சாம் பாட்டி' என்று அவர் முடித்துவிட்டால், மடலின் பயன் அங்கேயே அற்றுவிடும். சில நாள் கழித்துக் காவல்துறை என்றோ நீதிமன்றம் என்றோ சொல்லிக்கொண்டு ஒருவர் அழைத்து, பாட்டியின் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் பிழையின்றிச் சொல்வார். இவ்வளவும் தெரிந்தவர் உண்மையான அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று பாட்டி நம்புவார். மோசடிக்காரரின் கையிலிருந்த கருவி, பழைய ஒரு கோப்பின் ஒரே வரி.

இதற்கிடையே கூலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் எழுந்துவருகின்றன. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, சன்னல் குறைந்த நீண்ட கட்டடங்களாக அவை நிற்பதை நெடுஞ்சாலையில் செல்வோர் காணலாம். நாட்டின் முதன்மைத் தரவு மையப் பகுதியாக ஜொகூர் மாறிவிட்டது. தரவு நம் ஊரில் தங்குவதால் அதன்மேல் நமக்குத் தனி உரிமை எதுவும் வந்துவிடாது. கட்டடம் ஓரிடத்தில் இருக்கலாம், கட்டுப்படுத்துபவர் வேறொரு நாட்டில் இருக்கலாம். நம் மாணவர்களிற் பலர் நாளை அக்கட்டடங்களில் பணியாற்றுவர் என்பதும், அவருள் சிலர் இத்தகைய அறிவிப்புகளை எழுதும் மேசையில் அமர்வர் என்பதும் எதிர்பார்க்கத் தக்கவையே.

ஆகவே, இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இவ்வகை மடல்களைப் பயன்படுத்தலாம் எனப் பரிந்துரைக்கிறேன். பாதிக்கப்பட்டவருக்கு அனுப்பும் அறிவிப்பில் என்ன நேர்ந்தது, அதனால் என்ன விளையக்கூடும், நிறுவனம் என்ன செய்தது, நாம் என்ன செய்யலாம், யாரைத் தொடர்புகொள்வது ஆகியவை இருக்க வேண்டும் என்று இப்போதைய வழிகாட்டி கூறுகிறது. மாணவர் இவ்வைந்துக்கும் தமிழில் ஒவ்வொரு வாக்கியம் எழுதட்டும்; ஒவ்வொன்றிலும் எழுவாய் தெரியட்டும். மடலில் எழுவாய் இல்லாத இடத்தில் அவரே ஒன்றைப் புனைந்து இட வேண்டா. 'யார் என்று மடலில் சொல்லப்படவில்லை' என்று எழுதினால் போதும். ஆறாவது வாக்கியம் மடலில் இருக்காது, ஆசிரியர் சேர்க்க வேண்டும்: ஐயத்திற்குரிய அழைப்பு வந்து பணம் கைமாறிவிட்டால், உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.